எலுமிச்சம்பழமும் என் சாக்ஸபோனும்

எழுபதுகளின் கடைசியில், ஓர் ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை அது. ஆரணியில் பட்டு வியாபாரி ஒருவர் வீட்டு மாப்பிள்ளை ஊர்வலம். பேண்டு செட்டில் நான் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் பேனா தாளைக் கிழிக்கிறது. வயசாகிவிட்டது, கை நிதானம் போயிருக்கும் என்பீர்கள். வயசு இல்லை, கோபம்.

என் ஊர் தேவிகாபுரம் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். சாக்ஸபோன் எனக்குச் சொந்தமில்லை, செட்டு முதலாளியுடையது. ஊர்வலத்துக்கு முன் என் கழுத்தில் மாட்டிவிடுவார். முடிந்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டி எடுத்துப் போய்விடுவார். பெட்டி போகிற திசையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்படி ஒரு பைத்தியம்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பில் ஆங்கிலோ இந்தியர்களின் நடன விருந்துக்கு ஆள் போதவில்லை என்று என்னை அழைத்துப் போனார்கள். அங்கேதான் ஸ்விங் என்கிற ஜாஸ் வாசிப்பை முதன்முதலாகக் கேட்டேன். மெட்டை ஒரு தடவை ஒழுங்காக வாசித்துவிட்டு, பிறகு தாளத்தை விடாமல் அவரவர் மனசில் தோன்றியதை அங்கேயே கட்டி வாசித்தார்கள். தாளமும் நேராக நடக்கவில்லை. ஒரு ஸ்வரத்தை இழுத்து, அடுத்ததைச் சட்டென்று விட்டு, லேசாக நொண்டியடித்துக்கொண்டே ஓடியது. ஊர் திரும்பியதும் ஊர்வலங்களில் இடையிடையே நானும் அப்படி வாசித்துப் பார்த்தேன். முதலாளிக்கு அது ஆகவில்லை.

"பாட்டு இன்னாவோ அத்த மட்டும் ஊது. இன்னொரு வாட்டி உன் இஷ்டத்துக்கு இழுத்தே, சாக்ஸபோனக் கயட்டிக் குட்த்துட்டு ஊரப் பாக்கப் போயிகினே இரு" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தச் செட்டிலும் சாக்ஸபோன் கிடையாது. இவர் விரட்டினால் அதைத் தொடக்கூட எனக்கு வழியில்லை. அதனால் சொன்னதை மட்டும் ஊதிக்கொண்டு இருந்தேன்.

அன்று ஆரணி ஊர்வலத்தில் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஒரு கூட்டமாக என் எதிரில் வந்து நின்றார்கள். ஆளுக்கு அரை எலுமிச்சம்பழம் கையில். ஊதுகிறவன் எதிரில் புளிப்பைத் தின்றால் அவன் வாயில் எச்சில் ஊறி வாசிப்பு கெட்டுப்போகும். நாதஸ்வரக்காரர்களிடம் பையன்கள் காலங்காலமாகச் செய்கிற குறும்புதான். ஆனால் இவர்கள் மீசை வைத்த தடியன்கள். என் முகத்துக்கு நேராகச் சப்புக்கொட்டி உறிஞ்சினார்கள்.

"எச்சி ஒழுவுது பார்ரா! சேரிலர்ந்து வந்தவனுக்கு வெள்ளக்காரன் வாத்தியம் கேக்குதா?" என்றான் ஒருவன்.

முதலாளி காதில் அது விழுந்தது. அவர் ஊர்வலக் காரில் இருந்த பூ அலங்காரத்தை ரசித்துக்கொண்டிருந்தார்!

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அடிக்கவும் முடியாது, ஏசவும் முடியாது. எச்சில் இறங்கி, ஊதுவாயில் இருக்கும் ரீடு என்கிற நாணல் பட்டை நனைந்துவிட்டது. நீளமாக இழுக்க வேண்டிய இடமெல்லாம் களக் களக் என்றது. சிரித்தார்கள். சரிதான் போ என்று பாட்டை விட்டேன். துண்டு துண்டாக, கடித்துத் துப்புகிற மாதிரி ஊதினேன். நடுவில் எச்சிலை விழுங்க ஓர் இடைவெளி, மறுபடி ஒரு கடி. அந்த இடைவெளிகளே ஸ்விங்குக்குத் தோதாக அமைந்துவிட்டன. வாயால் திட்ட முடியாததையெல்லாம் சாக்ஸபோனால் திட்டினேன்.

எங்கள் செட்டில் சைடு டிரம் அடிப்பவர் ஒருவர் இருந்தார். பிள்ளைகுட்டிக்காரர், டீ குடிச்சியா என்பதற்குமேல் என்னிடம் பேசியதில்லை. அவர் குச்சியும் என்னோடு சேர்ந்து நொண்ட ஆரம்பித்தது. தறியிலிருந்து எழுந்து வந்து ஜனங்கள் வாசலில் நின்றார்கள். எலுமிச்சம்பழத்தை வாயில் வைத்தபடியே ஒருவன் காலால் தாளம் போட்டான். அதைப் பார்க்க எனக்கு இன்னும் எரிந்தது.

முதலாளி விறுவிறுவென்று வந்தார். அத்தனை பேர் முன்னால் என் கழுத்திலிருந்து சாக்ஸபோனைக் கழற்றிக்கொண்டார். "போடா ஊருக்கு" என்றார்.

டிரம் அண்ணன் தோளிலிருந்து வாரை உருவி, டிரம்மைத் தரையில் வைத்தார்.

"இன்னாய்யா இது?" என்றார் முதலாளி.

"எலுமிச்சம்பயத்த உறிஞ்சினவன உட்டுட்டு ஊதனவனப் புடிக்கிறீங்க. இது நாயமாங்க? அவன் இல்லாங்காட்டி நானும் அடிக்க மாட்டங்க."

டிரம்பெட் நின்றது. பெரிய டிரம் நின்றது. தெருவே அமைதியாகிவிட்டது. மேளம் இல்லாமல் மாப்பிள்ளையை மண்டபத்துக்கு அழைத்துப் போவது அபசகுனம் இல்லையா? பெண்ணின் அப்பாவான பட்டு வியாபாரி பதறி ஓடிவந்தார்.

"நல்ல காரியத்துல மோளம் நிக்கக்கூடாதுய்யா! ஜல்தி ஊதச் சொல்லு. எத்தையாவது ஊதட்டும்!"

என்ன நடந்தது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழற்றிய கையாலேயே முதலாளி சாக்ஸபோனை என் கழுத்தில் மாட்டினார். எத்தையாவது என்றுதானே சொன்னார்கள்? மண்டப வாசல்வரை என் இஷ்டத்துக்குத்தான் வாசித்தேன். வாசலோடு எங்கள் வேலை முடிந்தது, உள்ளே நாதஸ்வரம். எங்களுக்குப் பின்பக்கம் மாட்டுக்கொட்டகை ஓரம் இலை போட்டார்கள். நான் உட்காரவில்லை.

"கோவம் உனுக்கு, பசி எனுக்கு" என்று சொல்லிவிட்டு டிரம் அண்ணன் திருப்தியாகச் சாப்பிட்டார்.

அப்புறம் செட்டு பேச வந்தவர்களெல்லாம் அந்த நொண்டி வாசிப்புதான் வேண்டும் என்று கேட்க, அது தன்னுடைய யோசனை என்று முதலாளி பீற்றிக்கொண்டார். அந்தத் தடியன்களில் ஒருவனும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

இன்றும் வீட்டில் யாராவது எலுமிச்சம்பழம் நறுக்கினால், வாயில் எச்சில் ஊறுவதற்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கூடவே, நடுத்தெருவில் ஒரு மனிதர் எனக்காகத் தன் டிரம்மை இறக்கி வைத்ததும் நினைவுக்கு வருவதால், அந்தக் கோபம் ஆறவேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை.