வெள்ளிக்கிழமை வண்டிச் சத்தம்

குவைத்தில், மங்காஃபில் எங்கள் கட்டடத்துப் பார்க்கிங்கில் இன்று யாரோ லீவுக்குக் கிளம்புவதற்காகக் காருக்கு உறை போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். எலி வராமலிருக்க உள்ளே போட்ட அந்துருண்டை வாசனை லிஃப்ட் வரை வந்தது. அந்துருண்டை என்றால் மற்றவர்களுக்குப் பட்டுப்புடவை ஞாபகம் வரும். எனக்கு மாரியப்பண்ணனின் பழைய வெள்ளைக் கார்தான் வருகிறது. என் பிழைப்பு அப்படி.

அப்போது அப்பாசியாவில் ஒரே ரூமில் இருந்தோம். அண்ணன் தென்காசிப் பக்கம், கம்பெனி டிரைவர். பகலெல்லாம் அடுத்தவன் வண்டியை ஓட்டிவிட்டு, சாயங்காலம் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார். ரூமில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. காரை விற்றுவிட்டுப் போகிறவன் ஒரேயடியாகப் போகிறான். மூடி வைத்துவிட்டுப் போகிறவன் திரும்பி வருவான். அந்தக் குளிர்காலத்தில் வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொல்ல, அண்ணன் வைத்தியத்துக்கு ஊருக்குக் கிளம்பினார். முகம் பாதியாகியிருந்தது. காரை விற்றுவிடுங்கள் என்று எல்லோருமே சொன்னோம். அவர் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கச் செங்கல் தேடப் போய்விட்டார்.

கட்டடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, வண்டி அதில்தான். குவைத்தில் குளிரா என்று ஊரில் சிரிப்பார்கள். ஜனவரியில் அந்தத் தகரத்துக்கடியில் நின்று பார்த்தால் தெரியும், பல் தந்தியடிக்கும். அண்ணன் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டார், டயருக்குக் காற்றைக் கொஞ்சம் கூட்டினார். வைப்பர் கண்ணாடியில் ஒட்டாமலிருக்கத் தன் டியூட்டி சாக்ஸை மாட்டிவிட்டார். துவைத்த சாக்ஸ்தான் என்று சத்தியம் செய்தார், நான் நம்பவில்லை. நடுநடுவே மூச்சு வாங்கப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"கைபிரேக்க மட்டும் போட்ராதல. இறுகிப் புடிச்சிக்கிடும், பொறவு நான் வந்து எடுக்கையில நவராது. செங்கல்லு போதும்."

"சரிண்ணே."

"ஸ்டார்ட் பண்ணுமுன்ன பானெட்ட ரெண்டு தட்டு தட்டு. குளிருக்குப் பூனை உள்ள படுத்துக் கெடக்கும்."

அதன்படியே, பேட்டரி செத்துவிடாமலிருக்க, லீவு நாளான வெள்ளிக்கிழமைதோறும் பூனையை எழுப்பிவிட்டு வண்டியை ஓடவிடுவேன். அவர் போனில் கேட்பார். "பெல்ட்டு கத்துதுல்லா? சூடானா அடங்கிடும், விடு" என்பார் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து. ஆறு மாதத்துக்குள் வராவிட்டால் விசா போய்விடும். அது இருவருக்குமே தெரியும். ஆனால் வண்டியைப் பற்றி மட்டுமே பேசினோம்.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணி எடுத்தார்.

"அவியளுக்குப் பேச முடியல தம்பி. வண்டிச் சத்தத்தக் கேக்கணும்னு கையக் காட்டுதாவ."

போனை இன்ஜின் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றேன். பெல்ட் கத்தியது, பிறகு அடங்கியது. அடுத்த வெள்ளிக்கிழமை கேட்பதற்கு அண்ணன் இல்லை.

இப்போது அந்தக் கொட்டகையும் இல்லை, ரூமும் இல்லை. அங்கே கண்ணாடி பதித்த பெரிய கட்டடம் நிற்கிறது. ஒன்றாய்ச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள். கொட்டகையை இடிக்கப்போகிறார்கள் என்றதும் வண்டியை என்ன செய்வது என்று அண்ணியைக் கேட்டேன். "அத வச்சி நான் என்ன செய்யப் போறேன் தம்பி" என்றார். பழைய இரும்புக்குக் கொண்டுபோக ஆள் வந்தான்.

"ஹேண்ட்பிரேக் ஹை, பாய்?" போட்டிருக்கிறதா என்று இந்தியில் கேட்டான்.

"மாஃபி" என்று அரபியில் இல்லை என்றேன்.

செங்கல்லை நான்தான் எடுத்தேன். அண்ணன் சொன்னது சரிதான். கொஞ்சம்கூட முரண்டு பிடிக்காமல் வண்டி தானாகவே உருண்டது.