பகலில் பூட்டிய பூங்கா

ஜோகுபாளையத்திலிருந்து நாங்கள் புறப்பட்டபோது மணி பதினொன்றே கால். நானும் எதிர்வீட்டுச் செல்வியும். செல்வி காலை ஆறிலிருந்து பதினொன்று வரை நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். மாலை நான்குக்கு மறுபடியும் போக வேண்டும். நடுவில் இருக்கும் நேரம்தான் அவளுடையது. சர்க்கரை ஏறியிருக்கிறது, தினமும் அரைமணி நேரம் நடக்காவிட்டால் காலுக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வீடு ஓடுவது நடையில் சேராதாம். நிற்காமல் நடக்க வேண்டுமாம்.

நம் தெருக்கோடி மைதானத்தைப் பூங்கா ஆக்கப்போகிறார்கள். வெள்ளிக்கிழமை கார்ப்பரேஷன் இன்ஜினியர் வந்து நமக்கு என்ன வேண்டும் என்று கேட்பார். ஒரு நல்ல பூங்காவைக் கண்ணால் பார்க்காமல் என்ன சொல்வது? மல்லேஸ்வரத்தில் ஒன்று அருமையாக இருக்கிறது என்றார்கள். தெருக்காரர்களான உங்களால் வேலையை விட்டு அவ்வளவு தூரம் வர முடியாது. அதனால் பார்த்ததை எழுதுகிறேன். எழுத்து எனக்கு நின்று நின்றுதான் வரும். பார்த்ததில் பிசகு இருக்காது.

சிவாஜிநகர் வரை ஒரு பஸ், மூன்று ரூபாய். அங்கிருந்து இன்னொன்று, நாலு ரூபாய். எல்லாம் சேர்த்து ஒன்பது, பத்து கிலோமீட்டர் இருக்கும்.

"மல்லேஸ்வரத்துல எங்கம்மா?" என்றார் இரண்டாவது பஸ் கண்டக்டர்.

"பார்க்குக்கு," என்றேன்.

"மட்ட மத்தியானத்துல யாரும்மா பார்க்குக்குப் போவாங்க?"

"அப்பதான் வேலை முடியறவங்க போவாங்க."

அவர் டிக்கெட்டைக் கிழித்தார்.

பன்னிரண்டே கால். பூங்கா வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. உள்ளே மரத்தடியில் வாட்ச்மேன் கேரியரைத் திறந்துகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், கன்னடக்காரர். என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"ஆகல்லா அஜ்ஜி. முடியாது பாட்டி. பத்துக்கு மூடினா நாலுக்குத்தான்."

"பகல்ல ஏம்ப்பா மூடணும்?"

"லவ் பண்ற ஜோடிங்க வந்து உக்காந்துக்குதுங்க. சுத்துவீட்டுக்காரங்க கம்ப்ளெயிண்ட்டு."

"எங்க ரெண்டு பேரைப் பாத்தா உனக்கு ஜோடி மாதிரித் தெரியுதா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவியை எடுத்தார். "யாராவது கேட்டா களை பிடுங்க வந்தோம்னு சொல்லுங்க. ஒரு மணி நேரம்தான்."

எனக்கு அது பிடிக்கவில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தவள் நான். பொய்க் காரணம் சொல்லி எந்த வாசலையும் தாண்டியதில்லை. நாலு மணி வரை வெளியிலேயே உட்காரலாம் என்றேன்.

"நாலு மணிக்கு நான் பாத்திரத்து முன்னாடி நிக்கணும் அத்தை," என்றாள் செல்வி.

அவளுக்காக உள்ளே போனேன். போனதும் புடவையைச் செருகிக்கொண்டு குந்தி, நிஜமாகவே புல் பிடுங்க ஆரம்பித்தேன்.

"ஐயோ, விடுங்க அஜ்ஜி. சும்மா பேச்சுக்குச் சொன்னேன்."

"சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். நீ போய் சாப்பிடு."

களை பிடுங்கினால்தான் ஒரு பூங்கா விளங்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மதிலை ஒட்டி வரிசையாக ஆறு பெஞ்சுகள், புதுப் பெயிண்டு. அவற்றின் காலடியில் புல் முழங்கால் உயரம். அங்கே யாரும் உட்காருவதில்லை. புங்கமரத்தடியில் எதிரெதிராக நாலு பழைய சிமெண்டுப் பெஞ்சுகள். அங்கே ஒரு புல்கூட இல்லை. மண் வழுவழுவென்று தேய்ந்து கிடக்கிறது, கடலைத்தோல் சிதறியிருக்கிறது. முகம் பார்த்து உட்கார்ந்தால் பேச்சு வரும். பேச்சு இருந்தால் மறுநாளும் வருவார்கள். நடைபாதையிலும் அப்படித்தான். கல் பதித்த பாதையில் இடுக்கெல்லாம் புல். பக்கத்தில் மண்ணிலேயே ஒரு தடம் போட்டு ஜனங்கள் நடந்திருக்கிறார்கள். மூன்று பேர் தோளோடு தோளாக நடக்கும் அகலம் அந்தத் தடத்துக்கு.

செல்வி முதல் சுற்றில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், யாரோ கூப்பிடப் போவதுபோல. மூன்றாம் சுற்றில் கையை வீசினாள். ஐந்தாவதில் என் பக்கம் வந்து மூச்சு வாங்கினாள்.

"நம்ம சந்துல இப்படி நடந்தா எங்கடி போறேன்னு நாலு பேர் கேப்பாங்க அத்தை. இங்க எங்கயும் போகாமலே நடக்கலாம்."

"பேசாத. டாக்டர் நிக்காம நடக்கச் சொன்னாரு."

ஏழு சுற்று முடித்தாள். ஒன்றேகாலுக்கு வெளியே வந்தோம். நான் பிடுங்கிய புல்லைக் குவித்து வைத்ததைப் பார்த்துவிட்டு, வாட்ச்மேன் நாளைக்கும் வரச் சொல்லிக் கிண்டல் செய்தார். எங்களுக்குப் பின்னால் சங்கிலி விழும் சத்தம் கேட்டது.

திரும்பும் பஸ்ஸில் செல்வி முகம் வேர்த்துப் பளபளவென்று இருந்தது. "நாளைக்கு எங்க அத்தை நடக்கறது?" என்றாள்.

நம் மைதானத்தில் இன்றைக்குக் கண்ணாடிச் சில்லும் கல்லும் கிடக்கின்றன, லாரி நிற்கிறது. ஆனால் எந்த நேரமும் யாரும் போகலாம். பூங்கா வந்தால் சுத்தமாகும், மரம் வரும், கூடவே பூட்டும் வந்துவிடும். இருப்பதும் கை நழுவப் போகிறதே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

இன்ஜினியர் காலை பத்துக்கு வருவதாக இருந்தது. பத்து மணிக்கு நம்மில் யார் வீட்டில் இருக்கிறோம்? எல்லோரும் சாப்பிட வீடு வரும் பன்னிரண்டரைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டாராம். பெஞ்சைப் பற்றியும் பாதையைப் பற்றியும் நான் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் எல்லோரும் வந்து நில்லுங்கள். செல்வி மட்டும் நிற்க மாட்டாள். மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டிருப்பாள். எத்தனை மணிக்குப் பூட்டுப் போடுவது என்று அவர் அவளைப் பார்த்துக்கொண்டே சொல்லட்டும்.