பிச்சாட்டூர் வேலியடியில் கிடைத்த முள்

எழுபதுகளின் நடுவில் ஒரு பொங்கல் விடுமுறை. என்னுடன் வேலை பார்த்த தசரதன் தன் ஊருக்குக் கூப்பிட்டான். பிச்சாட்டூரை ஒட்டிய சிற்றூர். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகப் பேருந்தில் மூன்று மணி நேரம். (நின்றுகொண்டு போனால் இன்னும் நீளமாகத் தெரியும்.)

போய் இறங்கியபோது வீடு அமளியாக இருந்தது. தசரதனின் அண்ணன் ஏழுமலையின் தோட்டத்தில் இரவுதோறும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு காணாமல் போகிறதாம். பக்கத்துத் தோட்டக்காரர் முனிரத்தினம்தான் திருடுகிறார் என்று, அவர் வீட்டு வாசலிலேயே நின்று ஏழுமலை கத்திவிட்டு வந்திருந்தார். "நாளைக்குப் பஞ்சாயத்துல வெச்சிக்கறேன்" என்றார்.

மறுநாள் காலை நானும் தசரதனும் ஆரணி ஆற்றோரம் நடந்தோம். ஒரு விலங்கும் கண்ணில் படவில்லை. ஆனால் ஈர மணலில் முயலின் தடம் இருந்தது. பாறை மேல் மரநாயின் எச்சம், முழுக்க இலந்தைக் கொட்டை. இரண்டு கிலோமீட்டர் சுற்றிவிட்டு ஏழுமலையின் தோட்டம் வழியாகத் திரும்பினோம். வேலியடியில் என் செருப்பில் ஏதோ குத்தியது. ஒரு சாண் நீளத்தில், கறுப்பும் வெள்ளையுமாக முள்ளம்பன்றி முள். பக்கத்தில் பாதி கடித்த கிழங்குகள், அவற்றில் உளியால் செதுக்கியதுபோல் பல் தடம். வேலிக்குக் கீழே மண்ணைப் பறித்து ஒரு வழி.

தசரதன் ஓடிப்போய் அண்ணனை அழைத்துவந்தான். ஏழுமலை குந்திப் பார்த்தார். முள்ளைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஊரே பாக்கத் திட்டிட்டனே. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது?"

"அதே வாசல்லதான் போய்ச் சொல்லணும்ணா" என்றான் தசரதன்.

போனார். நாங்களும் பின்னால் போனோம். முனிரத்தினத்தின் வாசலில் நின்று உரக்கவே சொன்னார்: "தப்பு எம்மேலதான், ரத்தினம். முள்ளம்பன்னி துன்னுக்கினு கீது."

முனிரத்தினம் முள்ளை வாங்கி விரல்களுக்கிடையே உருட்டினார். "எந்தோட்டத்துலயும் கெழங்கு போய்க்கினுதான் கீது. நான் உன்னத்தான் நெனச்சிக்கினு இருந்தேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"பொங்கல் போவட்டும்னு இருந்தேன். சரி, வா, வேலிய அடைக்கலாம்."

இருவரும் கத்தியோடு வேலிக்கு முள் வெட்டப் போனார்கள். பஞ்சாயத்து கூடவில்லை. மதியம் முனிரத்தினம் வீட்டிலிருந்து எங்களுக்கு அவித்த கிழங்கு வந்தது.

அந்தப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். ஆட்டு மந்தை நடந்துவிட்டால் தடமெல்லாம் அழிந்துவிடும். செருப்பு கெட்டியாக இருக்கட்டும். வளையைக் கண்டால் கையை விட்டுப் பார்க்க வேண்டாம். முள்ளம்பன்றியை நான் கடைசிவரை பார்க்கவில்லை. அது வந்துபோன இடத்தைப் பார்த்ததே எனக்குப் போதுமாக இருந்தது.