மேல்மாடிக்காரர் திருடிய சூடு

எங்கள் கட்டடத்தில் ஸ்த்ராவ்கா யாரையெல்லாம் நம்பமாட்டாள் என்று சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது. யாரை நம்புவாள் என்பதைச் சொல்வது சுலபம். ஒருவரையும் இல்லை. கட்டடத்துக்குப் பொறுப்பாளன் என்பதால் என்மேல் கொஞ்சம் கூடுதல் சந்தேகம். வேலையைச் செய்தால், "எதுக்கு இவ்வளவு அக்கறை?" என்பாள். செய்யாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நான்காம் மாடியில் தனியாக இருந்துகொண்டு கல்யாண உடுப்பு தைக்கிறாள். விரல் விறைத்தால் ஊசி ஓடாது, ஊசி ஓடாவிட்டால் பிழைப்பு ஓடாது. அதனால், எங்கள் பெர்னிக் ஊரில் இலையுதிர்காலத்தில் மற்றவர்கள் பால்கனியில் குடைமிளகாய் சுட்டு ஜாடியில் அடைக்கும்போதே அவள் வீட்டைக் குளிருக்குத் தயார் செய்துவிடுவாள். ஜன்னல் இடுக்கெல்லாம் கம்பளித் துணி. கதவடியில் மணல் நிரப்பிய துணிச்சுருள். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் பின்னால் பளபளக்கும் தாள். வெளிச்சுவரில் தன் வீட்டு அளவுக்கு மட்டும் தெர்மோகோல் பலகை ஒட்டி, மேலே பூசி, பீச் நிறம் அடித்திருக்கிறாள். சாம்பல் நிறக் கட்டடத்தில் அந்த இடம் மட்டும் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரியும்.

"என் சூடு என் வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். ஊரையெல்லாம் நான் எதுக்குக் குளிர்காய வைக்கணும்?" என்பாள்.

ரேடியேட்டர் திருகைப் பாதிக்கு மேல் திறக்கமாட்டாள். அப்படியும் வீடு கதகதப்பாக இருக்கும். எல்லாம் தன் கெட்டிக்காரத்தனம் என்று ஒரே பெருமை.

அவளுக்கு நேர் மேலே நெதியால்கோ. சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். அவர் வீட்டு ரேடியேட்டர்கள் அடியோடு மூடிக்கிடப்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. கட்டணம் மிச்சமென்று தங்கள் திருகை மூடிவிட்டு, அக்கம்பக்கத்துச் சுவர் வழியாக வரும் சூட்டில் ஓசியில் காலம் தள்ளுவார்கள். ஒருநாள் ஸ்த்ராவ்கா ஊறுகாய் ஜாடியைச் சாக்காக வைத்து அவர் கதவைத் தட்டினாள். கதவு ஒரு சாண் திறந்தது. மனிதர் வெறும் பனியனோடு நின்றார்.

கட்டடத்தாரின் அடுத்த கூட்டத்திலேயே, மாடிப்படிக்குக் கீழே எல்லோரையும் வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள்.

"வெளிய தண்ணி உறையுது. இவரு பனியனோட நிக்கிறாரு. ரேடியேட்டரும் மூடிக்கிடக்கு. அப்ப அது யாரு வீட்டுச் சூடு?"

"எனக்குச் சூட்டு ஒடம்பு, ஸ்த்ராவ்கா."

"சூட்டு ஒடம்பா? சம்சாரம் இருந்தப்ப அவங்க கம்பளிச் சட்டையையும் சேத்துப் போட்டுக்கிட்டுத் திரிஞ்ச ஆளுதானே நீங்க!"

எல்லோரும் சிரித்தோம். அவர் வீட்டை ஒருமுறை பார்த்துவிடலாமா என்று கேட்டேன். "என் வீட்டுக்குள்ள எவனும் கால் வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மேலே போய்விட்டார். அன்று எனக்கும் சந்தேகம் பிடித்துக்கொண்டது.

ஸ்த்ராவ்கா ஆள் வைத்து, சீலிங் முழுக்கத் தெர்மோகோல் ஒட்டி அடைத்தாள். இனி எப்படித் திருடுகிறார் பார்க்கிறேன் என்றாள். ஆனால் வீடு முன்னைவிடக் குளிர்ந்தது. திருகை முழுக்கத் திறந்தும் பழைய கதகதப்பு வரவில்லை. ஒருநாள் கையில் வெள்ளைச் சாட்டின் உடுப்போடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மரத்த விரலில் ஊசி ஏறி, துணியில் ரத்தம் பட்டிருந்தது. சனிக்கிழமை கல்யாணம்.

"பாரு லியூபென்! மேல அடைச்சதும் அந்த ஆளு சுவர் வழியா இழுக்க ஆரம்பிச்சுட்டாரு."

"சூட்டை யாராவது கயிறு கட்டி இழுப்பாங்களாக்கா?"

"நீ அவரு பக்கமா? என்ன குடுத்தாரு ஒனக்கு?"

அதற்குமேல் சும்மா இருக்க முடியுமா? ஐந்தாறு பேராகப் போனோம். திறக்காவிட்டால் அதிகாரிகளைக் கூப்பிடுவேன் என்று நான் சொன்னதும் நெதியால்கோ கதவைத் திறந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்த்ராவ்கா முதலில் நுழைந்தாள், பின்னால் நான்.

அறை நடுவில் ஓர் இரும்பு அடுப்பு. உள்ளே நிலக்கரி கனன்றுகொண்டிருந்தது. புகைக்குழாய் சமையலறைக் காற்றுத்துளைக்குள் போயிற்று. பக்கத்துக் கட்டடத்தில் தீப்பிடித்த பிறகு, கரியடுப்பு வைத்தால் அன்றே பிடுங்க வேண்டும் என்று நாங்கள் தீர்மானம் போட்டிருந்தோம். அதற்கு முதலில் கை தூக்கியவள் ஸ்த்ராவ்கா.

அவள் அடுப்பைப் பார்க்கவில்லை, குனிந்து தன் காலைப் பார்த்தாள். தரை சுட்டது. அவளுடைய சீலிங்கின் மறுபக்கம் அதுதான். இத்தனை காலமும் ஓசியில் குளிர்காய்ந்தது யார் என்பது எனக்கு உறைத்தபோது, அவளுக்கு ஏற்கெனவே உறைத்திருந்தது. முகம் செத்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

சட்டென்று திரும்பி, வாசலை மறித்துக் கையை விரித்தாள்.

"என்ன இருக்கு உள்ள?" என்று வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்ல. ஒரே குப்பை. பொம்பளை இல்லாத வீடு வேற எப்படி இருக்கும்? போய் வேலையப் பாருங்க!"

பொறுப்பாளனான நானே கதவை உள்ளிருந்து சாத்தினேன். அவள் நெதியால்கோ பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"நாளைக்கே ஆளக் கூப்பிட்டு அந்தக் குழாயச் சரி பண்ணுங்க. எங்களையும் சேத்துக் கொளுத்திடாதீங்க." பிறகு, "காலையில எத்தனை மணிக்குப் பத்தவைப்பீங்க?" என்றாள்.

அன்றே சீலிங்கைச் சுரண்டும் சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது. சனிக்கிழமைக்கு உடுப்பும் போய்ச் சேர்ந்தது. அதோடு அடங்கிவிடுவாள் என்று நினைத்தேன். போன வாரம் மறுபடியும் என் வாசலில் நிற்கிறாள்.

"வீட்டுல சூடு கொறையுது, லியூபென்."

"ஏன், மேல சரியா எரிக்கலையா?"

"அவரு ஒழுங்காத்தான் எரிக்கிறாரு. கரியே நான்தானே வாங்கிக் குடுக்குறேன். ஆறாம் மாடி ஸ்பாஸ்கா ரேடியேட்டரை மூடிட்டாளாம். நீ போய் என்னன்னு பாரு. எங்க சூட்டைத் திருடுறா."