முதலில் வீட்டுக்குச் சொல்ல வேண்டும்

மஞ்சுளாவுக்கு நாமக்கல்லில் ஒரு டயர் பட்டறையில் போன் எடுக்கும் வேலை. கணவன் ராசு வடக்கே லாரி ஓட்டுகிறவன். ஓட்டுநர் குடும்பங்களுக்காக அவள் ஏழு வருடங்களுக்கு முன் தொடங்கிய முகநூல் குழுவில் பத்தொன்பதாயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள். எந்த ரோட்டில் வெள்ளம், யார் போனை எடுக்கவில்லை என்று செய்திகள் வரும். ஒவ்வொன்றையும் அவளே படித்துப் பார்த்துத்தான் குழுவில் விடுவாள். விபத்துப் படம் வந்தால், வண்டி உரிமையாளரைப் பிடித்து, ஓட்டுநர் வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்காமல் விடமாட்டாள்.

லாரி புக்கிங் ஆபீஸ் கதிர்வேலுக்கு இது பிடிக்கவில்லை. "ஏனுங்க, ரோடு அடைப்புன்னு காலைல போட்டேன். சாயங்காலம் விடறீங்க. வண்டியெல்லாம் அங்க போய்ச் சிக்கிக்கிச்சுங்க. இது எல்லாருக்கும் பொதுவான குரூப்புங்களே?"

பதிவுகளை விட இன்னும் சிலரைச் சேர்க்கலாமா என்று குழுவில் ஓட்டெடுப்பு நடந்தது. முக்கால்வாசிப் பேர் கதிர்வேல் பக்கம். மஞ்சுளாவும் களைத்துப் போயிருந்தாள். அவனையும் சேர்த்து நான்கு பேருக்குப் பதிவுகளை விடும் அதிகாரத்தைக் கொடுத்தாள்.

மூன்றாம் மாதம் ஒரு மதியம், நாக்பூர் அருகே நசுங்கிக் கிடந்த லாரியின் படம் வந்தது. நம்பர் தெளிவாகத் தெரிந்தது. கதிர்வேல் உடனே விட்டான். மோகனூரில் ரேஷன் வரிசையில் நின்றிருந்த சௌந்திரம் அதைப் பார்த்தாள். அது அவள் கணவன் ஓட்டிய வண்டி. உரிமையாளரின் போன் வர முக்கால் மணி நேரம் ஆனது.

ஐந்தாம் நாள் மஞ்சுளா சௌந்திரத்தின் வீட்டுக்குப் போனாள்.

"போட்டோவுக்குக் கீழ நூறு பேருக்கு மேல கும்பிடற பொம்மை போட்டிருந்தாங்க. அவரு போனது எனக்கு முந்தி அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க. நீங்கதானுங்களே தலைவி? அப்ப எங்க இருந்தீங்க?"

படம் வந்த நேரம் மஞ்சுளா பட்டறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பியதும் யாரையும் கேட்காமல் நால்வரின் அதிகாரத்தையும் எடுத்தாள். கதிர்வேல் கூப்பிட்டான். "அந்தப் போட்டோவப் பாத்துத்தான் நம்மாளுங்க அங்க ஓடுனாங்க. அந்த வண்டிக் கிளீனர் பொழச்சானுங்க. அது உங்களுக்குப் பெருசில்லீங்களா?"

"நெசந்தானுங்க," என்றாள் மஞ்சுளா. ஆனாலும் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

கதிர்வேல் புதுக் குழு தொடங்கினான். இரண்டே மாதத்தில் பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். ராசுவும் போனான். "ரோட்டு நெலவரம் அதுலதான் சட்டுனு வருது மஞ்சு. நான் என்ன பண்றது?"

அவள் தடுக்கவில்லை. அவன் வண்டியெடுத்துப் போன அன்று, வேறொரு பெயரில் அவளும் அந்தக் குழுவில் சேர்ந்தாள். பட்டறையில் போன் மணி ஓய்கிற போதெல்லாம் அதைத் திறந்து, புதிதாக வந்த படங்களில் வண்டி நம்பர்களைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள்.