பசியோடு நடந்த இரங்கல் கூட்டம்

“பொறுமையே உருவான எங்கள் அண்ணி இறைவனடி சேர்ந்தார்” என்று செல்வராணியின் கொழுந்தனார் எங்கள் ஞாயிற்றுக்கிழமை நடை வாட்ஸாப் குழுவில் போட்டிருந்தார். யாரோ ஒரு பொறுமைசாலி போய்விட்டார் என்று நினைத்து அலுவலக வேலையைத் தொடர்ந்தேன். சற்றுக் கழித்துத்தான் படம் திறந்தது. மாரடைப்பாம்.

தூத்துக்குடித் தனியார் மருத்துவமனை ஒன்றில் உணவு ஆலோசகராக இருந்தவர் செல்வராணி. அவரை அறிந்தவர்கள் அவருடைய பொறுமையை எங்கும் பார்த்திருக்க மாட்டார்கள். கவனம் ஓரிடத்தில் நில்லாத ஏ.டி.எச்.டி. அவருக்குப் பிறவியிலேயே இருந்தது. அது நாற்பதைத் தாண்டித்தான் தெரிந்தது. முதலில் பார்த்த மருத்துவர், “அது துறுதுறுன்னு இருக்கிற பையன்களுக்கு வர்றதும்மா, நீங்க கொஞ்சம் பொறுப்பா இருந்து பாருங்க” என்று வைத்தியம் சொல்லி அனுப்பினார். மதுரையில் வேறொருவர் கண்டுபிடித்தார். வீட்டில் சொன்னபோது கொழுந்தனார் கேட்டாராம்: “பேரு வச்சாச்சுல்லா, இனிமே அடுப்புல பால் பொங்காதா?”

“பொங்கும் தம்பி. உங்களுக்கும் கை இருக்குல்லா, அணைங்க.”

நான் நெஞ்செரிச்சலுக்காக அவரிடம் போனேன். “காலையில எப்ப சாப்ட்டிய?” என்றார். எல்லோருக்கும் பரிமாறி முடிப்பதற்குள் மறந்துவிடும் என்றேன். மதியத்துக்குமேல் எரிந்து விழுவேன், சாவியைத் தொலைப்பேன், அழுவேன். வீட்டில் அதற்குத் திமிர் என்று பெயர். எனக்கும் செல்வராணிக்கு இருந்த அதே குறைபாடுதான் என்பது பிறகு தெரிந்தது. “நாளையிலருந்து நீங்க முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் பரிமாறுங்க” என்றார். மறுநாள் ரெண்டு முட்டையும் இட்லியும் வைத்துக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தேன். துறைமுகத்தில் தங்கம் கடத்திப் பிடிபட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். “விளங்குமா இந்த வீடு?” என்றார் மாமியார். வீடு விளங்கியதா தெரியாது. நான் சாவியைத் தொலைப்பது குறைந்தது.

ஞாயிறு காலைகளில் எங்களைப் போன்ற பெண்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போவார். முதலில் அவித்த முட்டை, பயற்றுச் சுண்டல், கிடைக்கும் காலத்தில் பனங்கிழங்கு. பிறகு நீர் வற்றிய கரையில் நடை. யாரும் யாரையும் உட்காரச் சொல்லக்கூடாது. சிப்பி பொறுக்கலாம், நண்டைத் துரத்தலாம், பாதிப் பேச்சில் ஓடிப்போகலாம். வாரத்தில் அந்த ஒரு காலையில்தான் எங்கள் தலைக்குள் இரைச்சல் அடங்கும். காயல்பட்டினத்துப் பாத்திமா அந்தச் சுகத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டாள். செல்வராணி கொதித்துவிட்டார். “ஏளா, கடக்காத்து என்ன மருந்துக்கடையா? டாக்டரக் கேக்காம நிப்பாட்டுவியா? சாப்பாடும் நடையும் அதுக்குத் தொணதான், மாத்து இல்ல.”

இரங்கல் கூட்டத்தை ஏசி போட்ட மண்டபத்தில் வைத்தார்கள். சன்னல்களை அடைத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் உளுந்துவடையும் சுண்டலும் மணத்தன. கடைசிப் பேச்சு முடிந்து, ஆண்கள் சாப்பிட்டு, அதற்குப் பிறகுதான் நாங்கள் என்று ஏற்பாடு. ஒருவர் கண்ணீரோடு சொன்னார்: “தன் பசியை ஒரு நாளும் வெளியே சொல்லாத உத்தமி!” கைதட்டினார்கள். அடுத்துக் கொழுந்தனார் எழுந்து, அண்ணியின் நினைவாக ஞாயிற்றுக்கிழமை நடை இனிமேல் இதே மண்டபத்தில், தம் தலைமையில், பாதுகாப்பான சொற்பொழிவாக நடக்கும் என்று அறிவித்தார். எங்களில் ஒருத்தியைக்கூட அவர் கேட்கவில்லை.

பாத்திமா எழுந்தாள்.

“எங்க போறம்மா? கூட்டம் முடியல, உக்காரு” என்றார் அவர்.

“எவ்வளவு நேரம் உக்காருறது அண்ணாச்சி? பசிக்கி.”

“ஆம்பளைய சாப்பிடட்டும். அதுக்குள்ள என்ன அவசரம்?”

“அப்போ நீங்க உங்க அண்ணிக்குக் கூட்டம் போடல. வேற யாருக்கோ போட்டிருக்கிய.”

வடைப் பாத்திரத்தை ஒரு பக்கம் அவள் பிடித்தாள், மறுபக்கம் நான். பின்வரிசை முழுவதும் எழுந்து வந்தது. “பொம்பளையளுக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு” என்று ஒரு குரல் கேட்டது. மருத்துவர்களுக்குப் பல வருடம் பிடிபடாததை அவர் நொடியில் கண்டுபிடித்துவிட்டார். பாத்திரத்தோடு கடற்கரைக்குப் போய் நின்றுகொண்டே சாப்பிட்டோம். பிறகு இருட்டும்வரை நடந்தோம். வரும் ஞாயிறும் அங்கேதான் என்று பாத்திமா குழுவில் போட்டுவிட்டாள்.

ஒரு முறை என்னிடம் செல்வராணி சொன்னார்: “கோவம் வந்தா முதல்ல சாப்பிடு. பசின்னா அடங்கிரும். சாப்ட்ட பெறவும் நிக்குன்னா அது நெசமான கோவம். அத யாருக்கும் விட்டுக் குடுக்காத.”

அன்று நான் நான்கு வடை சாப்பிட்டேன். கோபம் அப்படியே நிற்கிறது. செல்வராணியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான்.