ஆள் இல்லாத வீட்டில் கரண்ட் எதற்கு?

மின்சாரம் வந்த கதையை நான் வருஷா வருஷம் வகுப்பில் நடத்துகிறேன். செத்த தவளையின் கால் துடித்ததைப் பார்த்து ஒருவர் மண்டையைக் குழப்பிக்கொண்டார், மின்னலைப் பிடிக்கப் பட்டம் விட்டார் இன்னொருவர் என்றெல்லாம் சிங்கப்பெருமாள் கோயில் பள்ளியில் தொண்டை வறளச் சொல்லிவிட்டு, பஸ் பிடித்துச் செங்கல்பட்டில் வந்து இறங்கினால் தெருவில் அத்தனை வீட்டிலும் விளக்கு எரியும். எங்கள் வீடு மட்டும் இருட்டாக இருக்கும். என் அப்பா மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போயிருப்பார்.

அப்பாவுக்கு எண்பதை நெருங்குகிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோர ஊர். அம்மா போன பிறகு என்னோடு இருக்கிறார். அவர் ஊருக்குக் கரண்ட் வந்தபோது அவர் மீசை முளைக்காத பையன். வீட்டுக்கு ஒரே ஒரு குண்டு பல்பு. அதையும் இரண்டு அறைக்கு நடுவே சுவரில் ஓட்டை போட்டு மாட்டினார்களாம், இரண்டு பக்கமும் வெளிச்சம் விழட்டும் என்று. அந்தி சாய்ந்ததும் சுவிட்சைப் போட்டுவிட்டு எல்லாரும் பல்பைப் பார்த்துக் கும்பிடுவார்கள். அப்பா இன்றைக்கும் எங்கள் ஹால் ட்யூப்லைட்டைக் கும்பிடுகிறார். தாராளமாகக் கும்பிடட்டும். கும்பிட்ட அதே கையால் மெயினை அணைப்பதுதான் என் பிராணனை வாங்கியது.

அவருக்குக் கரண்டும் ஒன்றுதான், அடுப்பும் ஒன்றுதான். கூரை வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்ற ஊர் அது. ஒரு பொறி பறந்தால் கடல் காற்றில் தெருவே போய்விடும். அதனால் அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்த பிறகுதான் வீட்டைப் பூட்டுவார்கள். கரண்ட் வந்ததும் அதே சட்டத்தை அதன் தலையிலும் கட்டிவிட்டார்கள்.

"ஆள் இல்லாத வூட்டுல கரண்ட் இன்னாத்துக்கு? அடுப்ப எரியவுட்டு ஊருக்குப் போவியா நீ?" என்பார்.

"அப்பா, இது கூரை வீடு இல்ல. ட்ரிப்பர் இருக்கு. எதாவது ஆச்சுன்னா தானா அணைஞ்சிடும்."

"அணையும்னு நீ சொல்ற. அது சொல்லலியே."

இந்த மனுஷரிடம் எந்தப் பாடத்தை நடத்துவது? தயிர் புளித்தது, மாவு பொங்கி வழிந்தது, ஃப்ரீஸர் ஐஸ் உருகிச் சமையலறை குளமானது. நானும் கத்திக் கத்தி ஓய்ந்துபோய், கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஃப்ரிட்ஜில் ஏதாவது இருந்தால் மெயினைத் தொடக் கூடாது. அன்றிலிருந்து வீட்டைப் பூட்டுமுன் "ஃப்ரிட்ஜுல எதனா கீதா?" என்று கேட்பார். இருக்கிறது என்றால் தொட மாட்டார். சொன்ன சொல் தவறாதவர், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த நிலைமையில்தான் என் மகள் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மருமகன் துபாயில். பிரசவ லீவு முடிந்து நாவலூர் ஆபீஸுக்குத் திரும்பியவளை வேறு ப்ராஜெக்டில் போட்டு, பெங்களூரில் நாலு நாள் ட்ரெய்னிங்குக்கு வந்தே ஆக வேண்டும் என்றார்கள். போகாவிட்டால் வேலை நிலைக்காது. குழந்தையோ தாய்ப்பாலைத் தவிர எதையும் ஏற்காது. ஒரே ஒரு தடவை பவுடர் பால் கொடுத்தோம். உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மாட்டுப்பால் கலந்த எதையும் கண்ணில் காட்டாதீர்கள் என்றுவிட்டார் டாக்டர்.

குழந்தையை எங்கள் வீட்டில் விட்டுப்போகும் அந்த நாலு நாளுக்காக அவள் ஒரு மாதமாகத் தாய்ப்பாலைச் சேர்த்தாள். ஆபீஸில் ஓர் அறைக்குள் போய்ப் பம்ப் வைத்துப் பாலை எடுத்து, ஐஸ் பையில் வைத்துக்கொண்டு அத்தனை தூரம் வண்டியில் வருவாள். அதைச் சின்னச் சின்னப் பைகளாக ஃப்ரீஸரில், பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பின்னால், ஒரு மூடி போட்ட டப்பாவுக்குள் அடுக்குவாள். அறை நிறைய ஆள் இருக்கும் மீட்டிங்கில் வாய் ஓயாமல் பேசுகிறவள், தாத்தா செருமினால் போதும், பம்ப்பைத் துப்பட்டாவுக்குள் ஒளிப்பாள். "தாத்தாகிட்ட சொல்லாதம்மா, ப்ளீஸ்" என்றாள். அப்பாவிடம் இதை எந்த வாயால் சொல்வது? நானும் சொல்லவில்லை.

மாசி மகத்துக்கு எல்லாருமாக அப்பாவின் ஊருக்குப் போனோம். கிளம்பும்போது நான் வாசலில் கார் டிக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்து கதவைத் திறந்தால், வீடு இருட்டாக இருந்தது.

மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஃப்ரீஸரைத் திறந்தாள். டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒரு பைகூடத் தப்பவில்லை, எல்லாம் உருகித் திரிந்திருந்தது. விடிந்தால் அவளுக்கு ரயில்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "உங்களுக்கு எத்தனை தடவைப்பா சொல்றது? கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லியாச்சே! இந்த வீட்டுல ஒரு பொருள் உருப்பட விடமாட்டீங்களா? வாக்குக் கொடுத்தீங்களே, எங்க போச்சு அது?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். அப்பா கையில் சாவிக்கொத்தோடு நின்றார்.

"அம்மா, நிறுத்து" என்றாள் மகள். "தாத்தா கேட்டாரு. ஃப்ரிட்ஜுல எதனா கீதான்னு. நான்தான் ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்."

எங்கள் ஒப்பந்தம் அவளுக்குத் தெரியாது. தயிர், மாவு எல்லாவற்றையும் நான் முதல் நாளே காலி செய்திருந்தேன். தாத்தா டப்பாவைத் திறந்து பார்த்துவிடப் போகிறாரே என்று கூச்சப்பட்டுச் சொல்லியிருக்கிறாள். இனி நான் யாரைத் திட்டுவது? அவளையா? அட கடவுளே, திட்டக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டது எனக்கு.

"அப்டி இன்னாம்மா போச்சு?" என்று அப்பா கேட்டார்.

"பாப்பாவோட பாலு, தாத்தா" என்றாள் அவள், ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டே. "என் பாலு."

அப்பா சாவிக்கொத்தை ஆணியில் மாட்டினார். மெயினைப் போட்டார். விளக்கு எரிந்தபோது, அன்றைக்கு மட்டும், அவர் கும்பிடவில்லை.

விடியற்காலையில் பார்த்தால் வேட்டியும் துண்டும் மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். "நான் போறேன் அது கூட. அது படிக்கச்சொல்ல கொயந்தைய நான் பாத்துக்கினு இருக்கேன். பசிக்கு அது வந்து குடுக்கட்டும்."

"உங்களுக்கு டயபர் மாத்தத் தெரியுமா?"

"நீ பொறந்தப்போ டயபரா இருந்துது? எய்ந்து வழி வுடு."

எனக்குப் பொதுத் தேர்வு வேலை, லீவு கிடையாது. வேறு வழியும் இல்லை. மூன்று பேரையும் கம்பெனி போட்ட ஓட்டல் அறைக்கு அனுப்பிவிட்டுப் பரீட்சை ஹாலில் நடந்தேன். மறுநாள் மதியம் வெளியே வந்ததும் போன் போட்டேன்.

"சாப்டீங்களாப்பா?"

"ரூமுக்கே கொண்டாந்து குடுத்தாங்க."

"ரெண்டு நாளா ரூமுக்குள்ளயேவா அடைஞ்சு கிடக்கீங்க? குழந்தையத் தூக்கிகிட்டுக் கீழ தோட்டத்துக்காவது போயிட்டு வரலாமில்ல?"

"எப்டிப் போறது? கதவாண்ட ஒரு அட்டை சொருவி வெச்சிகீறான். வெளிய போனா அத்த எடுத்துக்கினு போவணும், இல்லாங்காட்டி திரும்ப உள்ள வர முடியாது. எடுத்தா மொத்தக் கரண்ட்டும் நின்னுடுது."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "உங்களுக்குப் புடிச்ச ஏற்பாடுதானே? ஆள் இல்லாத ரூமுக்குக் கரண்ட் எதுக்கு?" என்றேன்.

"இன்னாடி பேசற நீ?" என்று அப்பா கத்தினார். "காலீல போறச்சொல்ல உன் பொண்ணு பாலு எடுத்து ஃப்ரிட்ஜுல வெச்சிட்டுப் போயிகீது. நான் எப்டி இங்கேந்து எய்ந்து போவ முடியும்?"